சேறு சொன்ன சாட்சி

கடலுக்கு அடியில் என்ன இருக்கும்?

முத்து, பவளம், எப்போதோ மூழ்கிப்போன கப்பல், அதற்குள் ஒரு பெட்டி நிறையத் தங்கக் காசு. சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இப்படித்தான் தோன்றும். ஆனால் பெரும்பாலான இடங்களில் அங்கே இருப்பது சேறு. மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழத்தில், வெளிச்சமே எட்டாத இருட்டில், தொட்டால் வழுக்குகிற வெறும் சேறு.

சேற்றுக்கு என்ன பெரிய மரியாதை? பேண்ட்டில் பட்டால் திட்டிக்கொண்டே கழுவுகிறோம். அவ்வளவுதானே?

அவசரப்படாதீர்கள். விஞ்ஞான உலகில் நூறு வருஷத்துக்கும் மேல் இழுத்துக்கொண்டிருந்த ஒரு வழக்கை இந்தச் சேறுதான் தீர்த்துவைத்தது. வழக்கை நடத்திய முக்கியப் புள்ளி செத்து 18 வருஷம் கழித்து அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. சாட்சி சொன்னது, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலிருந்து எடுத்த இரண்டு குழாய் சேறு. ஒரு காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். கதை கொஞ்சம் நீளம்.

*

முதலில் வழக்கு என்ன என்று பார்த்துவிடலாம்.

இன்றிலிருந்து 20,000 வருஷத்துக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். கனடா ஏறக்குறைய முழுக்க ஐஸ். ஃப்ரிட்ஜில் படிகிற ஐஸ் மாதிரி இல்லை, கிலோமீட்டர் கணக்கில் தடிமன். இன்றைய நியூயார்க் நிற்கிற இடம் அந்தப் பனிப்பாளத்தின் விளிம்பு. ஐரோப்பாவில் நார்வே, ஸ்வீடன், ஸ்காட்லாந்து எல்லாம் பனிக்கு அடியில். இவ்வளவு ஐஸுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்துதான். அதனால் உலகமெங்கும் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கிப்போய்க் கிடந்தது. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடலின் ஆழம் பத்து மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். அப்புறம் என்ன? காலையில் கிளம்பி, கால் நனையாமல் நடந்தே இலங்கைக்குப் போயிருக்கலாம். விசா வேண்டாம், படகு வேண்டாம்.

இதுதான் பனியுகம். இப்படி ஒரு காலம் இருந்தது என்று 1837-ல் ஸ்விட்சர்லாந்துக்காரர் லூயி அகாஸி ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ரசிக்கவில்லை. பிறகு ஆதாரங்கள் குவியக் குவிய ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதும் அடுத்த கேள்வி வந்துவிட்டது. பனியுகம் ஏன் வருகிறது? வந்தது ஏன் போகிறது? யார் ஸ்விட்சைப் போடுகிறார்கள்?

பதில் சொல்ல முதலில் துணிந்த முக்கியமான ஆசாமி ஒரு வாட்ச்மேன் மாதிரியான உத்தியோகத்தில் இருந்தவர் என்றால் நம்புவீர்களா?

பெயர் ஜேம்ஸ் க்ரோல். ஸ்காட்லாந்தில் 1821-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் 13 வயதோடு சரி. தச்சு வேலை பார்த்தார், முழங்கையில் கோளாறு வந்து அதை விட்டார். டீத்தூள் கடை வைத்தார், ஹோட்டல் நடத்தினார், இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றார். எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் 1859-ல் கிளாஸ்கோவில் ஒரு கல்லூரியிலும் அதன் மியூசியத்திலும் பராமரிப்பாளர் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம், நூலகம் பெரிசு. மனுஷனுக்கு அது போதும். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் புத்தகம். 1864-ல் அவர் எழுதிய கட்டுரை அன்றைய விஞ்ஞானிகளைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

க்ரோல் சொன்னது இதுதான். பூமி சூரியனைச் சுற்றுகிற பாதை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில காலம் ஏறக்குறைய வட்டம், சில காலம் லேசாக முட்டை வடிவம். போதாக்குறைக்கு, சுற்றுகிற பம்பரம் தலையாட்டுகிற மாதிரி பூமியும் மெதுவாகத் தலையாட்டுகிறது. இதனால் எந்தப் பருவத்தில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்பது ஆயிரக்கணக்கான வருஷங்களில் மாறிக்கொண்டே வரும். அந்த மாற்றம்தான் பனியுகத்தைக் கொண்டுவருகிறது.

யோசனை அபாரம். ஆனால் அவர் போட்ட தேதிகள் நிலத்தில் கிடைத்த ஆதாரங்களோடு ஒத்துப்போகவில்லை. 1890-ல் க்ரோல் கண்ணை மூடினார். யோசனையையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள்.

*

அதைத் தோண்டி எடுத்தவர் மிலுடின் மிலான்கோவிச். செர்பியர். படித்தது சிவில் என்ஜினீயரிங். வியன்னாவில் கான்க்ரீட் கட்டுமானத்தில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், 1909-ல் அதையெல்லாம் விட்டுவிட்டு பெல்கிரேடு பல்கலைக்கழகத்துக்குக் கணித வாத்தியாராக வந்து சேர்ந்தார். வீட்டில் என்ன சொன்னார்களோ!

1914-ல் கல்யாணம். புது மனைவியோடு சொந்த ஊருக்குப் போனார். அந்த ஊர் அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் இருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து முதல் உலக யுத்தம் வெடித்தது. செர்பியன் என்று பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். தேனிலவுக்குப் போன மாப்பிள்ளை ஒஸியெக் கோட்டையில் கைதி!

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மிலான்கோவிச் கைப்பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்தார், கணக்குப் போட ஆரம்பித்தார். பிறகு தெரிந்த பேராசிரியர் ஒருவரின் முயற்சியால் சிறையிலிருந்து விடுவித்து புடாபெஸ்ட் நகரத்தில் தங்க அனுமதித்தார்கள். அங்கே அறிவியல் அகாடமியின் நூலகம். யுத்தம் முடிகிற வரை நான்கு வருஷம் அங்கேயேதான்.

அவர் போட்ட கணக்கு மூன்று அசைவுகளைப் பற்றியது. பாதை முட்டையாகி மறுபடி வட்டத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 1,00,000 வருஷம். பூமியின் சாய்வு 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் நடுவே போய்வர 41,000 வருஷம். பம்பரத் தலையாட்டலால் பருவங்கள் இடம் மாறிவர சுமார் 22,000 வருஷம். இந்த மூன்றையும் சேர்த்து, எந்த யுகத்தில் எந்த அட்சரேகையில் எவ்வளவு வெயில் விழுந்திருக்கும்? கம்ப்யூட்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. பேனா, காகிதம், மண்டை. ஜெர்மானிய வானிலை மேதை விளாதிமிர் கோப்பன் கேட்டுக்கொண்டார் என்பதற்காக லட்சக்கணக்கான வருஷத்து வெயிலைக் காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்து நூறு நாளில் கணக்கிட்டுக் கொடுத்தார்.

அந்த கோப்பன் சொன்ன ஒரு யோசனைதான் முக்கியமானது. பனியுகத்துக்குக் கடும் குளிர்காலம் வேண்டும் என்று நாம் நினைப்போம். க்ரோலும் அப்படித்தான் நினைத்தார். கோப்பன் சொன்னது வேறு: வட துருவத்துப் பக்கம் குளிர்காலத்தில் எப்படியும் பனி விழும். கேள்வி அது கரைகிறதா என்பதுதான். கோடை மந்தமாக இருந்தால் போன வருஷப் பனி மிச்சம் இருக்கும், அதன் மேல் இந்த வருஷப் பனி விழும். வட்டிக்கு வட்டி மாதிரி. ஆகவே கோடையைக் கவனி!

மிலான்கோவிச் கோடையைக் கவனித்தார். வாழ்நாள் உழைப்பையெல்லாம் ஒரே புத்தகமாக்கி அச்சுக்குக் கொடுத்தார். 1941 ஏப்ரல் 6-ம் தேதி ஹிட்லரின் விமானங்கள் பெல்கிரேடு மேல் குண்டு போட்டன. அச்சகம் காலி. நல்லவேளை, அச்சடித்த தாள்களில் பெரும்பகுதி தப்பித்தது. சேதமானதை மறுபடி அச்சடித்துப் புத்தகமாக்கினார்கள்.

குண்டுக்குத் தப்பிய புத்தகம் விமர்சகர்களுக்குத் தப்பவில்லை. 1950-களில் கார்பன்-14 முறை வந்தது. பழைய மரக்கட்டை, கரி எல்லாவற்றுக்கும் வயசு சொல்லிவிடும். அதை வைத்துப் பனியுகத் தடயங்களுக்குத் தேதி போட்டுப் பார்த்தபோது பல இடங்களில் கணக்கு இடித்தது. மிலான்கோவிச் கட்சியிலிருந்து ஒவ்வொருவராக விலகிப்போனார்கள். 1958-ல் அவர் காலமானபோது, விஷயம் தெரிந்த பலரின் அபிப்பிராயம்: பாவம், பெரிய உழைப்பாளி, ஆனால் தப்பான கணக்கு.

*

பிழை உண்மையில் கணக்கில் இல்லை. ஆதாரத்தில் இருந்தது.

நிலத்தில் பனியுகத்தைத் தேடுவது, கரும்பலகையில் போன வருஷம் எழுதியதைத் தேடுகிற மாதிரி. ஒவ்வொரு புதுப் பனிப்பாளமும் முந்தையது விட்டுப்போன தடயத்தைச் சுரண்டி எடுத்துவிடும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தை ஆராய்ந்தவர்கள் பனியுகம் மொத்தம் நான்கு என்றார்கள். பாடப்புத்தகங்களும் நான்கு என்றே எழுதின. அழிந்துபோனவை எத்தனையோ, யார் கண்டது? ஆக, யாரும் கை வைக்காத, அழிக்காத ஒரு பதிவேடு வேண்டும்.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ஒரு விஷயம், தினப்படி எழுதுகிற கணக்கைவிட நம்பகமான கணக்கு கிடையாது. வருஷக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதுகிற நோட்டில்தான் தில்லுமுல்லு நடக்கும். கடலடிச் சேறு தினப்படிக் கணக்கு. ஒரு நாள்கூட லீவு போடாமல் எழுதுகிறது.

எப்படி? கடலின் மேல்மட்டத்தில் ஃபொராமினிஃபெரா என்று ஒரு ஜாதி உயிர் மிதக்கிறது. ஒரே ஒரு செல். மணல் பொடி அளவு. ஆனால் தனக்கென்று சுண்ணாம்பில் அழகாக ஒரு ஓடு கட்டிக்கொள்ளும். செத்ததும் ஓடு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கோடி கோடியாக இறங்கும். கூடவே காற்று கொண்டுவந்த தூசு, எரிமலைச் சாம்பல். எல்லாம் சேர்ந்து படிந்தால் ஆழ்கடலில் பல இடங்களில் ஆயிரம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர், மிஞ்சிப்போனால் மூன்று. ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த 1010-ம் வருஷம் அங்கே ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பத்து மீட்டர் தோண்டினால் லட்சக்கணக்கான வருஷம்.

பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிவந்து, அந்தச் சேற்றை அள்ளிப் பார்த்து, இந்த ஓடுகளைப் பற்றி விவரமாக எழுதியது. ஜெர்மனியின் மெட்டியோர் கப்பல் 1925-27-ல் அட்லாண்டிக்கில் குழாய் இறக்கி ஒரு மீட்டர் போல எடுத்தது. அதை ஆராய்ந்த வுல்ஃப்காங் ஷாட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மேலே வெதுவெதுப்பான நீரை விரும்பும் ஒரு வகை ஓடு இருக்கிறது. கொஞ்சம் கீழே அது காணோம். அதற்கும் கீழே மறுபடி இருக்கிறது. 1935-ல் அவர் சொன்னார்: நடுவில் காணாமல் போன அந்தப் பட்டைதான் கடைசிப் பனியுகம்!

ஆனால் ஒரு மீட்டர் எந்த மூலைக்கு? வெறும் குழாயைக் கனமான எடை கட்டி இறக்கினால் கொஞ்ச தூரம் போய் உராய்வில் நின்றுவிடும். உள்ளே போன சேறும் நசுங்கிவிடும். இதற்கு வழி கண்டுபிடித்தவர் ஸ்வீடன் நாட்டு போர்யெ குல்லன்பெர்க். டாக்டர் ஊசி போடுகிற சிரிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பிஸ்டன். குழாய் சேற்றுக்குள் பாயும்போது பிஸ்டன் மட்டும் சேற்றின் மட்டத்திலேயே நிற்கும். சிரிஞ்சில் மருந்து ஏறுகிற மாதிரி சேறு நசுங்காமல் உள்ளே ஏறிவிடும். பத்து, பதினைந்து மீட்டர் என்பது சாதாரணமாயிற்று. 1947-48-ல் ஸ்வீடனின் ஆல்பட்ராஸ் கப்பல் இதைத் தூக்கிக்கொண்டு உலகைச் சுற்றியது.

கருவி ரெடி. ஊர் ஊராகப் போய்ச் சேறு அள்ள ஒரு பைத்தியக்காரர் வேண்டுமே?

இருந்தார். அமெரிக்காவில் லாமான்ட் ஆய்வகத்தின் தலைவர் மாரிஸ் யூயிங். பணக்காரர் ஒருவருக்காக உல்லாசக் கப்பலாகக் கட்டிய 'வேமா' என்ற மூன்று பாய்மரக் கப்பலை 1953-ல் வாங்கினார். கப்பலில் ஒரே சட்டம். தினம் ஒரு குழாய்! கப்பல் எங்கே இருக்கிறதோ அங்கே நிறுத்து, குழாயை இறக்கு, சேற்றை எடு, லேபிள் ஒட்டு. எதற்கு என்று கேட்காதே. என்ன ஆராய்ச்சிக்கு உதவும் என்று அவருக்கே அப்போது முழுசாகத் தெரியாது. கடல் இருக்கிறது, சேறு இருக்கிறது, எடுத்து வை. அவ்வளவுதான்.

சும்மா கிடைத்த சேறு இல்லை அது. 1954 ஜனவரியில் அட்லாண்டிக்கில் புயல். தளத்தில் எண்ணெய் டிரம்கள் அவிழ்ந்து உருண்டதைக் கட்டப்போன நான்கு பேரை அலை வாரிக்கொண்டு போனது. யூயிங், அவருடைய தம்பி, இன்னும் இரண்டு பேர். மூன்று பேர் பிழைத்தார்கள். ஒருவர் திரும்பவில்லை. யூயிங் அதன்பிறகு ஆயுள் முழுக்கக் காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தார். ஆனால் தினம் ஒரு குழாய் நிற்கவில்லை. கிடங்கில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது.

*

பதிவேடு கிடைத்தாயிற்று. அதன் மொழி தெரிய வேண்டாமா?

இதற்குச் சாவி கொடுத்தவர் நோபல் பரிசு வாங்கிய வேதியியல் மேதை ஹெரால்டு யூரே. ஆக்சிஜனில் இரண்டு ரகம் உண்டு. சாதா ரகம் 16. கொஞ்சம் கனமான ரகம் 18. ஏறக்குறைய 500 சாதாவுக்கு ஒரு கனம். ஓடு கட்டுகிற உயிர் கடல் நீரிலிருந்துதான் ஆக்சிஜனை எடுக்கிறது. நீரின் வெப்பம் மாறினால் ஓட்டில் இந்த இரண்டின் விகிதமும் மாறும். ஆக, செத்துப்போன ஓடு ஒரு தெர்மாமீட்டர்!

யூரேயின் சிகாகோ ஆய்வகத்தில் இருந்த இத்தாலிக்காரர் செசாரே எமிலியானி அந்தத் தெர்மாமீட்டரைச் சேற்றுக்குள் வைத்தார். 1955-ல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் குளிரும் வெப்பமும் அலை அலையாக ஏறி இறங்கின. நான்கு பனியுகம் என்ற பாடப்புத்தகக் கணக்கு அங்கேயே அடிபட்டது. அதைவிட அதிகம் இருந்தது.

ஆனால் எமிலியானி ஒரு இடத்தில் சறுக்கினார். அதைப் பிடித்தவர் கேம்பிரிட்ஜின் நிக் ஷாக்கிள்டன். தென் துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனுக்குத் தூரத்து உறவு. கிளாரினெட் வாசிப்பதில் வெறி, ஊர்ப்பட்ட கிளாரினெட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் கேட்ட கேள்வி மிக எளிமையானது. கடலின் மேல்மட்டத்து ஓட்டை மட்டும் ஏன் அளக்கிறீர்கள்? தரையில் வாழும் வகை ஓடும் இருக்கிறதே, அதையும் அளந்து பார்ப்போமே? அவை மிகச் சொற்பமாகத்தான் கிடைக்கும். அந்தச் சொற்பத்தையும் அளக்கிற மாதிரி கருவியைச் சீர்ப்படுத்தினார்.

அளந்தால் மேலே எவ்வளவு ஏற்ற இறக்கமோ, கீழேயும் கிட்டத்தட்ட அவ்வளவு! இது எப்படி? ஆழ்கடல் நீர் ஏற்கெனவே ஐஸ் ஆகிற நிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதற்கு மேல் எங்கே போய்க் குளிரும்? 1967-ல் ஷாக்கிள்டன் பதில் சொன்னார். இந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி வெப்பம் அல்ல. நிலத்தில் எவ்வளவு ஐஸ் இருந்தது என்பதன் கணக்கு!

இதை வங்கிக் கணக்காகப் புரிந்துகொள்ளலாம். கடல் நீர் ஆவியாகும்போது லேசான 16 சுலபமாகக் கிளம்பிவிடும். சாதாரண நாளில் மழையாகப் பெய்து ஆறாக ஓடிக் கடலுக்கே திரும்பிவிடும். இது நடப்புக் கணக்கு. பனியுகத்தில் அது வட துருவத்துப் பக்கம் பனியாக விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். ஃபிக்ஸட் டெபாசிட்! அப்போது கடலில் கனமான 18-ன் பங்கு கூடும். ஓடும் கனமாகும். ஓட்டைப் பார்த்து டெபாசிட் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். எங்கோ பசிபிக்கில் செத்த ஒரு பூச்சி, கனடாவில் எவ்வளவு ஐஸ் இருந்தது என்று சாட்சி சொல்கிறது!

தேதி? அதற்கும் வழி வந்தது. பூமியின் காந்தம் அவ்வப்போது வடக்கு தெற்காகத் தலைகீழாகிறது. கடைசியாக அப்படி ஆனது சுமார் 7.8 லட்சம் வருஷத்துக்கு முன். சேற்றில் உள்ள நுண்ணிய காந்தத் துகள்கள் அதைப் பதிவு செய்து வைத்திருக்கும். 1973-ல் ஷாக்கிள்டனும் நீல் ஆப்டைக்கும் வேமா கப்பல் பசிபிக்கில் எடுத்த ஒரு குழாயில் 12 மீட்டர் ஆழத்தில் அந்தத் திருப்பத்தைப் பார்த்தார்கள். கடிகாரத்தில் ஒரு முள் கிடைத்துவிட்டது. இனி மற்ற அடுக்குகளுக்கும் தேதி போடலாம்.

*

கடைசிக் காட்சி.

லாமான்ட்டின் ஜிம் ஹேஸ், பிரௌன் பல்கலைக்கழகத்தின் ஜான் இம்ப்ரி, ஷாக்கிள்டன். மூன்று பேரும் சேர்ந்து மிலான்கோவிச் வழக்கை மறுவிசாரணைக்கு எடுத்தார்கள். வேண்டியது வேகமாகப் படிந்த, கலையாத, நீளமான சேறு. கிடங்குகளைத் துழாவினார்கள். லாமான்ட் கிடங்கில் ஒரு குழாய் கிடைத்தது. பெயர் ஆர்.சி.11-120. கடந்த 3 லட்சம் வருஷம் சுத்தமாக இருந்தது. அதற்கு முந்தையது? எல்டானின் கப்பல் எடுத்து ஃபுளோரிடாவில் வைத்திருந்த ஈ.49-18 என்ற குழாயில் இருந்தது. இரண்டையும் பொருத்தினால் 4.5 லட்சம் வருஷம்.

இந்த இரண்டும் எடுத்த இடம் தெரியுமா? புதுச்சேரியிலிருந்து தெற்கே நேராக ஒரு கோடு போடுங்கள். கொழும்பைத் தொட்டு, நிலநடுக்கோட்டைக் கடந்து, மொத்தம் சுமார் 6,000 கிலோமீட்டர் போனால் முதல் குழாய் எடுத்த இடம் வந்துவிடும். இரண்டாவது அதற்குக் கொஞ்சம் தென்கிழக்கே. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா மூன்றுக்கும் நடுவே, மனித வாடையே இல்லாத நடுக்கடல். நதிகள் மண்ணைக் கொட்டிக் குழப்பாத இடம்.

அடுக்கடுக்காக அளந்தார்கள். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் தாளங்களைக் கணிதத்தால் பிரித்தெடுத்தார்கள். ஏறக்குறைய 1,00,000 வருஷத்துக்கு ஒரு தாளம். 42,000-க்கு ஒன்று. நூலகத்தில் உட்கார்ந்து மனுஷன் பேனாவால் போட்ட அதே கணக்கு!

மூன்றாவது தாளம் 22,000 வர வேண்டும். அங்கேதான் குழப்பம். ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வந்தன, 23,000-ஐ ஒட்டி ஒன்று, 19,000-ல் ஒன்று. சேறு தப்புச் சொல்கிறதா? பெல்ஜியத்தின் வானியல் கணக்கர் ஆந்த்ரே பெர்ஜே தனியாக உட்கார்ந்து பூமியின் தலையாட்டலைப் புதிதாகக் கணக்கிட்டிருந்தார். அவரைக் கேட்டால், ஆமாம், அது ஒரு தாளம் இல்லை, இரண்டு, 23,000-மும் 19,000-மும் என்றார். வானத்துக் கணக்கும் சேற்றுக் கணக்கும் ஒன்றையொன்று பார்க்காமல் ஒரே விடையை எழுதியிருந்தன. பரீட்சையில் காப்பி அடித்ததாகச் சொல்ல வழியே இல்லை.

1976 டிசம்பரில் கட்டுரை வெளியானது. பூமியின் சுற்றுப்பாதை பனியுகங்களின் 'பேஸ்மேக்கர்' என்று தலைப்பிலேயே போட்டார்கள். மிலான்கோவிச் போய் 18 வருஷம். க்ரோல் போய் 86 வருஷம். சேறு அள்ளிய யூயிங்கும் இரண்டு வருஷம் முன்பு, 1974-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று பேரில் ஒருவர்கூடத் தீர்ப்பைக் கேட்கவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 1,00,000 வருஷத் தாளத்தால் வெயிலில் வரும் மாற்றம் ரொம்பக் கொஞ்சம். ஆனால் சேற்றில் அதுதான் பெரிய அலை. ஏன் என்று இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடட்டும்.

*

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். மழை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

2014-15-ல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் நம்ம வங்காள விரிகுடாவுக்கு வந்தது. மகாநதி கடலில் கலக்கிற ஒடிசாப் பக்கம் எடுத்த சேற்றிலிருந்து 9 லட்சம் வருஷத்துப் பருவமழையைப் படித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடி, உலகில் ஐஸ் குறைந்த காலங்களை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கிறது. அதாவது, இனி வரப்போகும் மழை எப்படிக் கொட்டும் என்பதற்கான ஜாடை பழைய சேற்றில் இருக்கிறது. அணை கட்டுகிறவர்களும் நெல் நடுகிறவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி.

அந்தச் சேறு இப்போது எங்கே இருக்கிறது? கொச்சியில். கேரளத்துக் கொச்சி இல்லை, ஜப்பானில் ஒரு கொச்சி இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் சேறு அங்கே குளிர்அறையில் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு குழாயையும் நீளவாக்கில் இரண்டாக வகுந்து வைப்பார்கள். ஒரு பாதி ஆராய்ச்சிக்கு. இன்னொரு பாதியை லேசில் தொட விடமாட்டார்கள். இன்னும் கண்டுபிடிக்காத கருவிக்கு, இன்னும் யாருக்கும் தோன்றாத கேள்விக்கு என்று அந்தப் பாதி காத்திருக்கும். 'எதற்கு என்று கேட்காதே, எடுத்து வை' என்ற யூயிங்கின் சட்டம்தான்! ஆனால் எடுத்து வைக்கிற கப்பலுக்குக் காசில்லை. ஜாய்டெஸ் ரெசல்யூஷனை நடத்திய அமெரிக்கா செலவு கட்டாது என்று முடிவெடுத்ததால், 2024-ல் அதன் பணி முடிந்தது. சுமார் 40 வருஷ ஓட்டம்.

இன்னும் ஒரு விஷயம் சொல்லி முடித்துவிடுகிறேன். 1976 கட்டுரையில் வருங்காலம் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. பூமியின் பாதையை மட்டும் பார்த்தால் அடுத்த பல ஆயிரம் வருஷங்களில் உலகம் மறுபடி பனியுகம் நோக்கித்தான் நகர வேண்டும் என்றார்கள். கூடவே ஒரு நிபந்தனை போட்டார்கள். மனிதர்கள் செய்கிற காரியத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று.

அந்த நிபந்தனையில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அண்டார்டிகா பனிக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளின்படி, தொழிற்சாலைகள் வருவதற்கு முந்தைய 8 லட்சம் வருஷத்தில், பத்து லட்சம் பங்கு காற்றில் கார்பன் டை ஆக்சைடு 180-லிருந்து 300-க்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 2024-ல் அது 420-ஐத் தாண்டியாயிற்று. கடலடி ஓடுகளின் வேதியியலைக் கேட்டால், கடைசியாக 400-ஐ ஒட்டி இருந்தது சுமார் 30 லட்சம் வருஷத்துக்கு முன்பு என்கின்றன. அப்போது கடல் மட்டம் இன்றைவிடப் பல மீட்டர் உயரத்தில் இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிக்காரர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள்.

நீங்கள் இதைப் படிக்கிற இந்த நிமிஷமும் நடுக்கடலில் ஓடுகள் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால், கார், கரண்ட், தொழிற்சாலை, ஏ.சி. என்று நாம் ஆடித் தீர்த்த நூறு வருஷத்துக்கு அந்தப் பேரேட்டில் கிடைக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர். என்றைக்காவது யாராவது குழாய் இறக்கி அந்த ஒரு மில்லிமீட்டரையும் படிப்பார்கள்.